நாங்கள் தயாராக இருந்தது வேறொரு தொல்லைக்கு

எங்கள் கால்பந்து கிளப்பின் ஒன்பதாம் எண் ஆட்டக்காரன் அணிக்குள் எத்தனை பேரிடம் கடன் வாங்கியிருந்தான் என்பதை எனக்கு முதலில் சொன்னவர், ஜெர்சிகளைத் துவைத்துக் காயவைத்து எண் வாரியாக அடுக்கிவைக்கும் பெரியவர். பயிற்சியாளருக்கு அது தெரியவில்லை. கேப்டனுக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது. கணக்குப் பார்க்கும் பொருளாளருக்கு எதுவுமே தெரியாது.

"ஏழு பேர் சார்" என்றார் பெரியவர், காலுறைகளை ஜோடி சேர்த்தபடியே. "கோல்கீப்பர் தம்பியிடம் மட்டும் இரண்டு முறை."

அவனை ஒப்பந்தம் செய்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்பது கோல் போட்டிருந்தான். லீக் பட்டியலில் நாங்கள் மூன்றாம் இடம். நான் அந்த கிளப்பின் செயலாளர். அவனைக் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்று நிர்வாகக் குழுவில் மேசையைத் தட்டிப் பேசியவன். ஏழு பேர் என்று கேட்டதும் எனக்குக் கவலைதான் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். அதுவும் பெரியவர் மேல்.

"இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவே இல்லையே சார்."

இந்தப் பதிலை ஜீரணிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எல்லாம் ஒப்பந்தத்துக்கு முன்பே எங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன.

அவன் ஆட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நாங்கள் ஏன் இப்படி விழுந்தோம் என்பது புரியாது. கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பான். பந்து காலுக்கு வரும் முன்பே தன்னை ஒட்டி நிற்கும் தடுப்பாட்டக்காரன் எந்தக் காலில் எடையை வைத்திருக்கிறான் என்பதை முதுகாலேயே அளந்துவிடுவான். அந்தக் கால் பக்கமாகவே திரும்புவான். எடை வைத்த காலை உடனே எடுக்க முடியாது அல்லவா, தடுப்பவன் நின்ற இடத்திலேயே மரம் போல நிற்பான். சொல்லிக்கொடுத்து வருவதில்லை இது. எங்கள் பயிற்சியாளர் முப்பது ஆண்டுகளாக மைதானத்தில் நிற்பவர். சோதனை ஆட்டத்தில் அவனை இருபது நிமிடம் பார்த்துவிட்டு, கையிலிருந்த குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டார்.

ஆனால் இப்படிப்பட்டவனை ஏற்கனவே இரண்டு கிளப்புகள் வெளியே அனுப்பியிருந்தன. விசாரித்தேன். விசாரித்தேன் என்றால், இரண்டு கிளப்புகளின் மேலாளர்களுக்கும் தொலைபேசியில் பேசினேன். "நேரத்துக்கு வரமாட்டான்." "ராத்திரியில் தூங்குவதே இல்லை, காலையில் கண்ணெல்லாம் சிவந்திருக்கும்." "சக ஆட்டக்காரர்களோடு தகராறு." "திறமை இருக்கிறது, ஆனால் ஆள் சரியில்லை." இந்த நான்கையும் கூட்டி நாங்கள் எல்லோரும் ஒரே விடைக்கு வந்தோம்: குடிக்கிறான். யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒருவன் பெயரைக் கெடுத்துப் பேசுகிறோம் என்ற கூச்சம் அவர்களுக்கு. கேட்டால் 'ஆமாம்' என்று வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு.

நிர்வாகக் குழுக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. இந்த மாதிரிக் கூட்டங்களில் ஆளுக்கொரு உதாரணத்தோடு வருவார்கள். நான் மான்செஸ்டர் யுனைடெட்டின் பிரெஞ்சு வீரர் எரிக் கன்டோனாவின் உதாரணத்தோடு போயிருந்தேன். 1995 ஜனவரியில் லண்டனின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தில் ரசிகர் ஒருவரை எட்டி உதைத்தவர், எட்டு மாதத் தடை பெற்றவர். அவரை மான்செஸ்டர் யுனைடெட் கைவிடவில்லை. அக்டோபர் 1 அன்று திரும்பி வந்தார், அந்த சீசனில் இங்கிலாந்தின் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் அவர்கள் வசமாயின. பொருளாளர் அட்ரியான் முட்டுவோடு வந்திருந்தார். 2003இல் லண்டன் கிளப்பான செல்சி பெருந்தொகை கொடுத்து வாங்கிய ருமேனிய வீரர். அடுத்த ஆண்டே கொக்கைன் பரிசோதனையில் சிக்கினார், கிளப் அவரை நீக்கியது, ஏழு மாதத் தடை, அதன் பிறகு நஷ்டஈடு வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 1.7 கோடி யூரோவுக்கு மேல் அவர் செல்சிக்குத் தர வேண்டும் என்று 2008இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா சொன்னது. "அவர்களுக்காவது வழக்கு நடத்தப் பணம் இருந்தது" என்றார் பொருளாளர்.

இப்போது யோசித்தால், இரண்டு பேரும் தப்பான உதாரணத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தோம். கன்டோனா செய்தது ஆயிரக்கணக்கானோர் பார்க்க, விளக்கு வெளிச்சத்தில். அதில் மறைக்க எதுவும் இல்லை. எவ்வளவு நாள் தடை, எப்போது திரும்புவார் என்று நாட்காட்டியில் வட்டம் போட்டுக் காத்திருக்க முடிந்தது. எங்கள் பையனின் தொல்லைக்கு நாட்காட்டி கிடையாது. முட்டுவோ, செல்சியிலிருந்து துரத்தப்பட்ட பிறகு இத்தாலியின் யுவென்டஸிலும் ஃபியோரென்டினாவிலும் போய் நன்றாகவே ஆடினார். ஆக, ஆள் நல்லவனா கெட்டவனா என்று மூன்று மணி நேரம் வாதிட்டதில் எதற்கும் விடை கிடைக்கவில்லை. எங்களிடம் என்ன இருக்கிறது, எங்களால் எதைத் தாங்க முடியும் என்று அரை மணி நேரம் பேசியிருந்தால் போதும்.

ஒப்பந்தத்தில் நாங்கள் சேர்த்த நிபந்தனைகளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. சீசன் முடியும்வரை மது கூடாது. ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு இரவுகள் பத்து மணிக்குள் அறைக்குத் திரும்ப வேண்டும். தாமதமாக வந்தால் அபராதம், மூன்று முறை வந்தால் இரட்டிப்பு. இதையெல்லாம் ஒரு வழக்கறிஞரை வைத்து எழுதினோம். அவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். "இதில் எதுவும் எனக்குப் பிரச்சினை இல்லை சார்" என்றான், நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே.

உண்மையைத்தான் சொன்னான். அவன் வாழ்நாளில் மதுவைத் தொட்டவன் இல்லை.

அந்த நிம்மதிதான் எனக்குக் கேட்டிருக்க வேண்டிய மணி. கடுமையான நிபந்தனைகளை ஒருவன் முகம் சுளிக்காமல் ஏற்கிறான் என்றால் இரண்டில் ஒன்று: அவற்றைக் காப்பாற்றும் எண்ணம் அவனுக்கு இல்லை, அல்லது நாம் பூட்டியது அவன் பயன்படுத்தாத கதவு. அவன் கேட்டது ஒன்றே ஒன்று. சம்பளத்தில் பாதியை முன்பணமாகத் தர முடியுமா, வீட்டில் ஒரு கடன் இருக்கிறது என்றான். நல்ல பிள்ளை, வீட்டை நினைக்கிறான் என்று கொடுத்தோம். அந்தப் பணம் பதினொரு நாளில் தீர்ந்தது என்பது பின்னால் தெரிந்தது.

அவனுக்கு இருந்தது பந்தயப் பைத்தியம். கைபேசியில், செயலி வழியாக, இரவு முழுவதும்.

அறிகுறிகள் இல்லாமலில்லை. குவிந்து கிடந்தன. பயிற்சி இடைவேளையில் எல்லோரும் தண்ணீருக்குப் போனால் அவன் கைபேசிக்குப் போவான். யாரும் கேள்விப்படாத நாடுகளின் இரண்டாம் நிலை லீக்கில் நேற்று யார் யாரை எத்தனைக்கு வென்றார்கள் என்பது அவனுக்குத் தெரியும். எந்த அணியில் யாருக்குக் காயம், எந்தக் கோல்கீப்பர் மாறியிருக்கிறார் என்பதும் தெரியும். இதைக் கண்டு பூரித்துப்போனேன் நான். பதினெட்டு வயதுப் பையன்களைக் கூட்டிவைத்து, "பாருங்கள், ஆட்டத்தை இப்படிப் படிக்க வேண்டும், இவன் தூங்கும்போதும் கால்பந்துதான்" என்று பேசினேன். அவன் ஓரமாக நின்று தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்தேன்.

தாமதமாக வந்ததற்கு மூன்று முறை அபராதம் போட்டோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளப் நடத்துகிறவர்களுக்குக் கைக்கு முதலில் எட்டும் ஆயுதம் இதுதான். அபராதம் என்பது பணம் கையில் இருப்பவனுக்கு வலிக்கும். கடனில் இருப்பவனுக்கு அது இன்னொரு கடன். முதல் அபராதத்தை எங்கள் கோல்கீப்பரிடம் வாங்கிக் கட்டினான். இரண்டாவதை வலது ஓர ஆட்டக்காரனிடம் வாங்கினான். மூன்றாவதை அடைக்க மறுபடி கோல்கீப்பரிடமே போனான்; வாங்கியதை இரட்டிப்பாக்கி இருவருக்கும் திருப்பித் தந்துவிடலாம் என்று அன்றிரவே அதைப் பந்தயத்தில் போட்டுத் தோற்றான். சுருக்கமாகச் சொன்னால் அந்த மூன்று மாதமும் நாங்கள் அபராதம் போட்டுக்கொண்டிருந்தது நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்த கோல்கீப்பருக்கு.

கடன் மைதானத்துக்குள் எப்படி இறங்குகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன், பார்த்தும் புரியாமல் இருந்தேன். எங்கள் நடுக்கள ஆட்டக்காரன் வாய் ஓயாதவன். யார் பின்னால் ஓடி வந்து தடுக்கவில்லையோ அவர்களைப் பெயர் சொல்லித் திட்டுவான். ஒன்பதாம் எண்ணை மட்டும் திட்டுவதை நிறுத்திவிட்டான். மரியாதை போலிருக்கிறது என்று நினைத்தோம். பின்னால் அவனே சொன்னான்: "திட்டினால் கடனைத் திருப்பிக் கேட்பது மாதிரி இருக்கும் சார். எல்லோருக்கும் முன்னால் அவனுக்கு அவமானமாகப் போய்விடும்." கோல்கீப்பர் பந்தைப் பிடித்ததும் நேராக ஒன்பதாம் எண்ணுக்கு நீளமாக எறிவது எங்கள் முக்கியமான தாக்குதல் வழிகளில் ஒன்று. அது மெல்ல மெல்ல நின்றுபோனது. வேண்டுமென்றே செய்யவில்லை என்று கோல்கீப்பர் சத்தியம் செய்தான், நம்புகிறேன். பேச்சுவார்த்தை இல்லாத ஒருவனை அவசரத்தில் கண் தேடுவதில்லை. பயிற்சியாளர் பலகையில் அம்புக்குறிகளை மாற்றி மாற்றி வரைந்துகொண்டிருந்தார். பிரச்சினை பலகையில் இல்லை.

பெரியவர் சொன்ன அன்று மாலையே அவனை அழைத்தோம். மைதானத்தின் காலியான பார்வையாளர் படிகளில் மூன்று பேர் உட்கார்ந்தோம்: நான், பயிற்சியாளர், அவன். எவ்வளவு கடன் என்று கேட்க நான் வாயெடுத்தேன். பயிற்சியாளர் கையமர்த்திவிட்டு வேறொன்று கேட்டார்.

"நம் ஆட்டத்தில் பணம் கட்டினாயா?"

எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்தக் கேள்வி என் மனத்தில் தோன்றவே இல்லை. அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கைபேசியைத் திறந்து அவரிடம் கொடுத்தான். "நீங்களே பாருங்கள் சார்."

பார்த்தோம். பந்தயக் கணக்கின் வரலாறு முழுவதும் அதில் இருந்தது. தேதி, நேரம், எந்த ஆட்டம், எவ்வளவு. விளக்கு அணைத்துவிட்டார்கள், கைபேசி வெளிச்சத்தில் மூன்று மணி நேரம் வரி வரியாகப் படித்தோம். எங்கள் ஆட்டம் ஒன்றுகூட இல்லை, எங்கள் லீக் ஆட்டமும் இல்லை. மற்றபடி எல்லாம் இருந்தது. எங்களுக்காக இரண்டு கோல் போட்டு வென்ற நாளின் இரவு, அதிகாலை நான்கு மணிவரை பதினாறு பந்தயம். இரண்டு கோல் போட்ட சந்தோஷத்திலா என்று கேட்டேன். "இல்லை சார், ஆட்டம் முடிந்ததும் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அதைத் தாங்க முடியாது" என்றான்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் உலகின் எந்த மூலையில் நடக்கும் கால்பந்து ஆட்டத்திலும் பந்தயம் கட்டக் கூடாது என்பது ஃபிஃபாவின் நெறிமுறையிலேயே இருக்கிறது. எங்கள் லீக் விதியிலும் உண்டு. பயிற்சியாளர் இரண்டு பெயர்களைச் சொன்னார். ஐவன் டோனி: 232 விதிமீறல்களை ஒப்புக்கொண்டு 2023 மே மாதத்தில் எட்டு மாதத் தடை வாங்கிய, இங்கிலாந்தின் ப்ரென்ட்ஃபோர்டு கிளப் வீரர். சான்ட்ரோ டோனாலி: அதே ஆண்டு ஜூலையில் இத்தாலியின் மிலான் கிளப்பிலிருந்து இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு வந்து, அக்டோபரில் பத்து மாதத் தடைக்கு ஆளானவர். "இவர்களைத் தெரியுமா?"

"தெரியும் சார். டோனாலிக்குத் தடை என்று செய்தி வந்த அன்றுகூட நான் கட்டினேன்."

அன்றைக்குத்தான் பயமுறுத்தல் எதற்கும் உதவாது என்று எனக்கு உறைத்தது. தடை வரும் என்று தெரியாமல் அவன் செய்யவில்லை. வேலை போகும், பெயர் போகும் என்பதையெல்லாம் எங்களைவிட அவன் நன்றாக அறிந்திருந்தான்.

அடுத்த பகுதி எனக்குப் பெருமை தருவதல்ல. லீக்குக்கு நாமே தெரிவிக்க வேண்டும் என்றார் பயிற்சியாளர். கிளப் தலைவர், "இன்னும் பத்து ஆட்டம்தானே, சீசன் முடியட்டும், நம் ஆட்டத்தில் கட்டவில்லையே" என்றார். நான் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் இடத்தில் இருக்கிறோம், மேல் நிலை லீக் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இரண்டு நாளும் அவனுக்காகத்தான் யோசிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் அவனே வந்து, "தெரிவித்துவிட்டீர்களா சார்? தெரிவித்துவிட்டால் தூங்கிவிடுவேன்" என்றான். அன்றே கடிதம் எழுதினோம். நாங்களாக முன்வந்து சொன்னதால் தண்டனை குறைந்தது. குறைந்தும் மீதி சீசன் முழுவதும் தடை. ஆறாம் இடத்தில் முடித்தோம்.

கோல் போட்டுக்கொண்டிருக்கும்வரை யாரும் எதையும் கேட்பதில்லை. லண்டன் கிளப்பான ஆர்சனலின் கேப்டன் டோனி ஆடம்ஸ் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, 1990 டிசம்பரில் சிறைக்கே போனார். வெளியே வந்து ஆடினார், அந்த சீசனில் ஆர்சனல் லீக்கை வென்றது. விஷயம் முடிந்துபோனது போலத்தான் இருந்தது. நான் குடிநோயாளி என்று அவர் வாய்விட்டுச் சொன்னது 1996இல். நடுவில் ஆறு சீசன்கள். எங்கள் பையன் ஒன்பது கோல் போடாமல் இரண்டு கோல் போட்டிருந்தால், ஏன் சரியாக ஆடவில்லை என்று முதல் மாதத்திலேயே துருவியிருப்போம்.

தடைக் காலத்தில் செய்தவற்றில் சில பலித்தன, சில பலிக்கவில்லை. பலிக்காததை முதலில் சொல்கிறேன். என் உபதேசம். வாரத்துக்கு இரண்டு முறை அவனை உட்காரவைத்துப் பேசினேன், தலையாட்டினான். அதைவிடப் பெரிய தவறு, அவனுக்கு நான் ஒருவனே காவல் என்று ஏற்றுக்கொண்டது. எந்த நேரமும் கூப்பிடு தம்பி என்று சொல்லிவிட்டேன். கூப்பிட்டான். நள்ளிரவு ஒரு மணிக்கு, மூன்று மணிக்கு. கை நடுங்குகிறது, கைபேசியைத் தொடாமல் இருக்க முடியவில்லை என்பான். பேசிக்கொண்டே இருப்பேன். இரண்டு மாதத்தில் என் உடம்பும் கெட்டது, வீட்டிலும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. ஒரு நாள் அவன் பயிற்சிக்கு வரவில்லை; நான்தான் ஒரு வேலையாக அனுப்பினேன் என்று பயிற்சியாளரிடம் பொய் சொன்னேன். அவனுக்காக மற்றவர்கள் பொய் சொல்லிச் சொல்லித்தான் அவன் இந்த இடத்துக்கு வந்திருந்தான், அந்த வரிசையில் நானும் போய் நின்றேன். அன்று மாலை பயிற்சியாளரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டு, இது என் ஒருவனால் ஆகாது என்றும் சொன்னேன். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அதன் பிறகு வேலையைப் பிரித்தோம். சூதாட்ட அடிமைத்தனத்துக்கு ஆலோசனை தரும் மனநல மருத்துவர் ஒருவரிடம் வாரம் ஒரு முறை போனான். அங்கே என்ன பேசினான் என்று நாங்கள் கேட்பதில்லை, போனானா என்று மட்டும் பார்ப்போம். பணம் அவனுடைய அக்கா பொறுப்பு. அவனே எழுதிக் கொடுத்த சம்மதத்தோடு சம்பளத்தை வாரக் கூலி போலச் சிறு சிறு தொகையாக அக்காவின் கணக்குக்கு அனுப்பினோம். ஒரே தவணையில் பெருந்தொகை கிடையவே கிடையாது. "கையில் கொடுக்காதீர்கள் அண்ணா, அவனே கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்" என்று அந்தப் பெண் முதல் நாளே சொன்னார். எங்களுக்கு முன்பே இதைப் பல ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருந்தவர் அவர். ஒப்பந்தத்துக்கு முன் அவரிடம் பத்து நிமிடம் பேசியிருக்கலாம். ஆட்டக்காரனின் முகவரிடம் நான்கு முறை பேசிய எனக்கு அது தோன்றவில்லை.

பந்தயக் கணக்குகளை அவனே ஒவ்வொன்றாக மூடினான், மருத்துவர் முன்னிலையில். சில நிறுவனங்கள் மூட விடாமல் சலுகை தருகிறோம் என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தன. கடைசியில் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பழைய கைபேசி ஒன்றுக்கு மாறினான். அணியின் வாட்ஸ்அப் குழுவில் வரும் பயிற்சி நேரங்களைப் பெரியவர் அவனுக்குத் தொலைபேசியில் சொல்வார். இந்த ஏற்பாட்டை நாங்கள் யாரும் செய்யவில்லை. அவர்கள் இருவருமே பேசி வைத்துக்கொண்டது.

அணிக்குள் வாங்கிய கடன்களை எல்லாவற்றுக்கும் முன்னால் அடைத்தோம். கிளப்பே ஏழு பேருக்கும் கொடுத்துவிட்டு, அவன் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டது. பொருளாளர் எதிர்த்தார், வெளிக்கடன்தானே வட்டி ஏறுகிறது, அதை முதலில் அடைக்க வேண்டாமா என்பது அவர் வாதம். கணக்கில் அவர் சொன்னது சரி. ஆனால் அடுத்த சனிக்கிழமை அவனுக்குப் பந்து தரப்போவது வெளிக்கடன்காரன் இல்லை. ஆட்டக்காரர்களுக்குள் பணம் கைமாறக் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதியும் போட்டோம். தாமத அபராதத்தை எடுத்துவிட்டோம். தாமதமாக வருபவர் பயிற்சி முடிந்ததும் பெரியவரோடு நின்று உடைகளை அடுக்க வேண்டும் என்றானது. கேப்டனும் ஒரு நாள் நின்றான், நானும் நின்றேன்.

அவனுக்குத் தனிச் சலுகையா என்ற முணுமுணுப்பு வராமல் இல்லை. அயர்லாந்துத் தடுப்பாட்டக்காரர் பால் மெக்ராவை நினைத்துக்கொண்டேன். ஆஸ்டன் வில்லா கிளப்பில் அவர் முழங்கால்கள் படுத்திய பாட்டில் வாரத்தின் பயிற்சிகளை ஏறக்குறைய தவிர்த்துவிட்டு நேராக ஆட்டத்துக்கு இறங்குவார், குடியோடும் போராடிக்கொண்டிருந்தார். 1993இல் இங்கிலாந்தின் சக ஆட்டக்காரர்கள் வாக்களித்து அந்த ஆண்டின் சிறந்த வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தன்னைவிடக் குறைவாகப் பயிற்சி செய்பவனை ஆட்டக்காரர்கள் ஏற்றுக்கொள்வார்கள், காரணம் தெரிந்திருந்தால். காரணத்தை ஒளித்தால்தான் பொறாமை முளைக்கும். எங்கள் பையனிடம் கேட்டோம். யோசித்துவிட்டு, உடை மாற்றும் அறையில் தானே எழுந்து நின்று சொன்னான். நான்கே வாக்கியம். யாரும் கைதட்டவில்லை, அது நல்லதாகப் போயிற்று. நடுக்கள ஆட்டக்காரன் மட்டும், "அப்படியென்றால் இனிமேல் உன்னைத் திட்டலாம் அல்லவா?" என்று கேட்டான்.

தடை நாட்களிலும் அவனைப் பயிற்சிக்கு வரவைத்தோம். எங்கள் லீக் அதை அனுமதித்தது எங்கள் அதிர்ஷ்டம். டோனாலியையும் நியூகாசில் ஒதுக்கிவைக்கவில்லை. தடை முடிந்து 2024 ஆகஸ்டில் திரும்பினார், அடுத்த மார்ச்சில் லிவர்பூலை வென்று லீக் கோப்பையை எடுத்த அணியில் ஆடினார். ப்ரென்ட்ஃபோர்டு, ஐவன் டோனியைத் திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே கேப்டனாக இறக்கியது. அதில் அவர் ஃப்ரீ கிக்கில் கோலும் போட்டார். எங்கள் பயிற்சியாளருக்கு அந்த அளவு நாடகம் பிடிக்காது. முதல் மூன்று ஆட்டம் பெஞ்சில் உட்காரவைத்தார்.

இரண்டாம் சீசனில் அவன் பதினொரு கோல். முதல் சீசன் வேகத்துக்கு இது குறைவுதான். நடுவில் ஒரு முறை தவறினான். அக்காவின் கைபேசியில், ஒரே இரவு. விடிந்ததும் மைதானத்துக்கு வந்து பெரியவரிடம் சொன்னான். பெரியவர் அவனையே கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். மறுபடி லீக்குக்குக் கடிதம், மறுபடி இரண்டு ஆட்டத் தடை. ஒப்பந்தத்தை முறித்துவிடலாம் என்று தலைவர் சொன்னார். தவறினால் இன்னின்னது செய்வோம் என்று இந்த முறை முன்கூட்டியே எழுதிவைத்திருந்ததால் அந்த விவாதம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்தத் தாளில் முறிப்பதற்கான எல்லையும் இருந்தது: பொய் சொன்னால், அல்லது நம் ஆட்டத்தில் கட்டினால். இரண்டும் நடக்கவில்லை.

அவனை ஒப்பந்தம் செய்தது சரியா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. ஆறாம் இடத்தில் முடித்த அந்த ஆண்டில் எங்கள் ஆதரவாளர் ஒருவர் கிளப்புக்குத் தந்துகொண்டிருந்த பணத்தை நிறுத்திவிட்டார், இரண்டு இளம் ஆட்டக்காரர்களை அதனால் இழந்தோம். அவர்களில் ஒருவன் ஏழு பேரில் ஒருவன். அதை எந்தக் கோல் கணக்கில் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவனை எங்களைவிடப் பெரிய கிளப் ஒன்று கேட்கிறது. போன வாரம் அவர்களுடைய மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேசிய அதே குரலில், அதே அவசரத்தில் கேட்டார்: "ஆள் எப்படி சார்?" எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று அவன் எனக்கு அனுமதி தந்திருந்தான். ஒரு மணி நேரம் சொன்னேன். தேதிகள், தடைகள், அக்கா, மருத்துவர், வாரச் சம்பளம், பழைய கைபேசி. அவர் பொறுமையாகக் கேட்டார், குறித்துக்கொண்டார். கடைசியில், வேறு ஏதாவது உண்டா என்றார்.

"உங்கள் அணியில் உடைகளைப் பார்த்துக்கொள்பவர் யார்?" என்று கேட்டேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "விசாரித்துச் சொல்கிறேன்" என்றார்.